எல்-1 விலைக்கு இறங்கி வர உங்களைக் கேட்டார்களா?

கேள்வி: கோவையில் நானும் கணவரும் கூட்டாக நீர்மூழ்கி பம்ப் தயாரிக்கிறோம். இருவரும் பட்டியல் சாதியினர், பங்கு பாதிக்குப் பாதி. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறது. மத்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மில் 400 பம்புகளுக்கு டெண்டர் விட்டது. பெரிய கம்பெனி ஒன்று பம்ப் ஒன்றுக்கு 24,000 ரூபாய் போட்டு எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை போட்டவர், ஆனது. நாங்கள் போட்டது 26,400. மொத்த ஆர்டரும் அவர்களுக்கே போய்விட்டது. கேட்டால், "எல்-1-க்குத்தான் கொடுப்போம்" என்று போனில் சொல்கிறார்கள். எங்களுக்கு 4 சதவீதம் உண்டு என்கிறார்களே, வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் 4 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012-ஆம் ஆண்டு கொள்முதல் ஆணைப்படி, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தை உங்களைப் போன்றவர்களிடம் வாங்க வேண்டும். அதற்குள்தான் பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களுக்கு 4 சதவீதம், பெண்கள் நிறுவனங்களுக்கு 3 சதவீதம். இது வருடக் கணக்கு. இந்த டெண்டரில் எனக்கு இவ்வளவு என்று அதைக் காட்டிக் கேட்க முடியாது. லைஃப்கேர் இன்னோவேஷன்ஸ் வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றமும் தனி நிறுவனத்துக்கு அப்படியொரு உரிமை இல்லை என்றது. ஆனால் இந்த ஆணைக்குச் சட்ட வலிமை உண்டு, அதிகாரிகளுக்கு இது கடமை, அந்தக் கடமையை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது. உங்களுக்கு வேண்டியது இந்தப் பகுதிதான்.

எல்-1 சிறு நிறுவனமாக இல்லாமல், நீங்கள் அதைவிட 15 சதவீதத்துக்குள் விலை போட்டிருந்தால், எல்-1 விலைக்கு இறங்கி வர உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். இறங்கினால் 25 சதவீத ஆர்டர் குறு, சிறு நிறுவனங்களுக்கு. 24,000-க்கு உச்சவரம்பு 27,600. உங்கள் விலை உள்ளேதான் இருக்கிறது. "பிரிக்க முடியாத டெண்டர்" என்று பதில் வந்தால் அசர வேண்டாம். அப்படிப்பட்ட டெண்டரில் முழு ஆர்டரையுமே சிறு நிறுவனத்துக்குத் தரலாம் என்று அமைச்சகமே விளக்கம் கொடுத்திருக்கிறது. ஆகவே உங்கள் புகார் ஒற்றை வரி: "எங்களை இறங்கி வரச் சொல்லிக் கேட்கவில்லை." மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

அதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அந்தப் பெரிய கம்பெனிக்கு உத்யம் பதிவு இருந்து அதுவும் சிறு நிறுவனமாக இருந்தால் இந்த வாதமே எழாது. அப்புறம், உங்கள் உத்யம் சான்றிதழில் முக்கியத் தொழில் என்ற இடத்தில் உற்பத்தி என்று இருக்கிறதா? பதிவு செய்து கொடுத்த கம்ப்யூட்டர் சென்டரில் வியாபாரம் என்று போட்டிருந்தால் சிக்கல். வியாபாரிகளுக்கு இந்த முன்னுரிமை கிடையாது. ஜெம்மில் டெண்டர் போடும்போது சிறு நிறுவனச் சலுகை வேண்டும் என்று தேர்வு செய்தீர்களா என்பது மூன்றாவது.

மூன்றும் சரி என்றால் இன்றே எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. 24,000-க்குத் தரத் தயார் என்பதையும் அதில் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 பம்ப் கிடைத்தால் உங்கள் விலையிலிருந்து 2 லட்சத்து 40 ஆயிரம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். கட்டுப்படியாகாது என்றால் வழக்கும் வேண்டாம்.

கடிதத்தின் நகலைச் சிறு தொழில் அமைச்சகத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் அனுப்புங்கள். விலை ஒப்பீட்டுப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆனால் அதற்குப் பதில் தர அவர்களுக்கு உள்ள 30 நாள் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சரக்கு இறங்கத் தொடங்கிவிட்டால் ஆர்டரில் கைவைக்க நீதிமன்றம் தயங்கும். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு போட வழக்கறிஞரைப் பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. இருவரும் பட்டியல் சாதியினர் என்பதால் அந்தப் பிரிவில் உங்கள் நிறுவனம் வந்துவிடும். பெண்கள் நிறுவனமாக வராது, அதற்கு உங்கள் பங்கு 51 சதவீதம் வேண்டும். பட்டறையை உண்மையில் நடத்துவது நீங்கள்தான் என்றால் கணவரோடு பேசி, அடுத்த டெண்டருக்குள் கூட்டு ஒப்பந்தத்தையும் உத்யம் பதிவையும் திருத்திவிடுங்கள்.