மானிட்டர் இரண்டு வினாடி இருண்டு திரும்பி வருகிறதா? போர்டை மாற்றும் முன்

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலிருந்து கணக்கு வேலை பார்க்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன். 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளில் லேப்டாப்புடன் இணைத்திருக்கிறேன். ஆறு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டு மாதமாக மானிட்டர் திடீரென்று கறுப்பாகிறது, இரண்டு மூன்று வினாடியில் தானாகவே திரும்பி வருகிறது. ஒரு நாளில் பத்துத் தடவையாவது நடக்கிறது. லேப்டாப்பின் திரை நன்றாகவே இருக்கிறது. அலுவலகத்தில் புது லேப்டாப் கொடுத்திருப்பதால் அதில் கோளாறு இருக்காது. கேபிளும் இத்தனை நாள் ஓடியதுதான். பக்கத்துக் கடையில் 'உள்ளே போர்டு போயிருக்கும், 6,500 ரூபாய் ஆகும்' என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். கடைக்குக் கொடுக்கவே வேண்டாம். காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

ஆறு மாதம் ஓடியது, இரண்டு மாதமாகத்தான் தொந்தரவு என்கிறீர்கள். புது லேப்டாப் வந்ததும் ஏறக்குறைய அதே சமயமாகத்தான் இருக்கும். அது வந்த முதல் நாள், மானிட்டரில் மவுஸ் அம்புக்குறி முன்பைவிட வழுக்கிக்கொண்டு போவது போலத் தோன்றியதா என்று யோசித்துப் பாருங்கள். தோன்றியிருந்தால் விஷயம் பாதி முடிந்தது. பழைய லேப்டாப்களில் பலவற்றின் எச்டிஎம்ஐ துளை 1.4 வகை. அது 4கே படத்தை வினாடிக்கு 30 முறைதான் அனுப்பும். புதியவற்றில் பெரும்பாலும் 2.0 அல்லது அதற்கு மேல் இருக்கும், 60 முறை அனுப்பும். லேப்டாப்பும் நல்லது, மானிட்டரும் நல்லது. நடுவில் இருக்கும் கேபிளின் தலையில்தான் ஒரே நாளில் இரண்டு மடங்கு சுமை ஏறியிருக்கிறது.

அந்தச் சுமை எவ்வளவு என்று பார்ப்போம். 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். வினாடிக்கு 60 முறை என்றால் கிட்டத்தட்ட 50 கோடி புள்ளிகளின் நிறத்தை ஒவ்வொரு வினாடியும் சொல்லியாக வேண்டும். கேபிளில் ஓடும் கணக்கில் அது வினாடிக்கு 17.8 கிகாபிட். 30 முறை என்றால் 8.9. சாதாரண ஃபுல் எச்டி மானிட்டருக்கு 4.5 போதும். சுமாரான கேபிள் 4.5-ஐ அலட்டிக்கொள்ளாமல் கடத்தும், 8.9-ஐயும் எப்படியோ சமாளித்துவிடும். 17.8-க்கு வரும்போதுதான் மூச்சு வாங்குகிறது. அதிலும் உங்களுடையது 5 மீட்டர். செம்புக் கம்பியில் நீளம் கூடக் கூட சிக்னல் மங்கும். இந்த வேகத்துக்கு 2 மீட்டருக்குள் இருந்தால் கவலை இல்லை. 5 மீட்டருக்கு நல்ல தரமான கேபிளாகத் தேடி வாங்கினால்தான் உண்டு.

சிக்னல் மங்கினால் படமும் மங்கத்தானே வேண்டும், ஏன் மொத்தமாகக் கறுப்பாகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய விஜிஏ கேபிளில் அப்படித்தான் இருந்தது. கம்பி சரியில்லை என்றால் எழுத்துக்கு நிழல் விழும், படம் நடுங்கும், பார்த்ததுமே தெரிந்துவிடும். எச்டிஎம்ஐயில் போவது எண்கள். கொஞ்சம் தப்பினால் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும். அதற்கு மேல் தப்பினால் மானிட்டருக்குத் தாளம் பிசகிவிடுகிறது. எது ஒரு வரியின் தொடக்கம், எது முடிவு என்று தெரியாமல் திரையை அணைத்துவிட்டு, லேப்டாப்புடன் மறுபடி முதலிலிருந்து கைகோத்துக்கொள்கிறது. அதற்கு ஆகும் நேரம்தான் நீங்கள் பார்க்கும் இரண்டு மூன்று வினாடி. கேபிளில் இருக்கும் குறை மானிட்டரின் குறை போலத் தெரிவது இதனால்தான்.

நான் சொல்வது சரியா என்று பார்க்கக் காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போங்கள். மேலே மானிட்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ரிஃப்ரெஷ் ரேட் 60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை 30 ஆக்குங்கள். மவுஸ் கொஞ்சம் திக்கித் திக்கி நகரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு நாள் அப்படியே வேலை செய்யுங்கள். ஒரு தடவைகூடத் திரை கறுக்கவில்லை என்றால் மானிட்டரின் விளக்கும் மின்சாரப் பகுதியும் நன்றாக இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். அவற்றுக்கு 30, 60 என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, கேபிளுக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. 60-க்குத் திரும்பியதும் மானிட்டர் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். திரை இருளும்போதெல்லாம் மணியையும் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதையும் குறியுங்கள். '10.40, தண்ணீர் குடிக்க எழுந்தேன்.' '11.15, மோட்டார் போட்டார்கள்.' '12.05, ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தது.' இரண்டே நாளில் ஒரு வரிசை தெரிய வரும். இந்த வேலையில் பல வருடம் இருக்கிறேன். ஆயிரக்கணக்கில் விலையுள்ள கருவிகளைவிட இந்தத் துண்டுக் காகிதம் எனக்கு அதிகமாக உதவியிருக்கிறது.

நாற்காலியிலிருந்து எழும்போது திரை அணைகிறது என்று எழுத நேர்ந்தால் உங்களுக்கே சந்தேகம் வரும், தற்செயல் என்று அடித்துவிடுவீர்கள். அடிக்காதீர்கள். உயரத்தை ஏற்றி இறக்கும் காற்று உருளை கொண்ட ஆபீஸ் நாற்காலிகளில் உட்காரும்போதும் எழும்போதும் ஒரு மின்காந்தத் துடிப்பு கிளம்பி, அதைத் திரைக் கேபிள் வாங்கிக்கொள்வது உண்டு. யுஎஸ்பி வழியாகத் திரைகளை இணைக்கும் சிப்களைத் தயாரிக்கும் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் இதைச் சொல்லியிருக்கிறது. மோட்டார், மிக்சி, பழைய சோக்கு வைத்த டியூப்லைட் எல்லாமே போடும்போதும் அணைக்கும்போதும் இதே மாதிரி ஒரு சின்ன அதிர்வைக் கிளப்பும். நல்ல கேபிளில் உள்ளே இருக்கும் உலோக உறை அதைத் தடுத்துவிடும். ஏற்கெனவே விளிம்பில் நின்றுகொண்டிருக்கும் கேபிளுக்கு அந்தத் தொடுகையே போதும், விழுந்துவிடும். அதனால் நாற்காலியை மாற்ற வேண்டியதில்லை, கேபிளைத்தான்.

காகிதத்தில் மோட்டாரும் ஃபிரிட்ஜும் அதிகம் வந்தால் எர்த்தையும் பாருங்கள். சார்ஜர் மாட்டியிருக்கும்போது லேப்டாப்பின் உலோக உடம்பை விரலால் மெல்லத் தடவுங்கள். சுள்ளென்று இல்லாமல், மணல் உரசுவது போல ஒரு நெருடல் தெரிந்தால் அந்தச் சார்ஜருக்கு எர்த் கிடைக்கவில்லை என்று பொருள். இரண்டு பின் சார்ஜரில் இது சகஜம். மூன்று பின் சார்ஜரிலும் அப்படி இருந்தால், சுவரில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருக்கலாம். என் வீட்டிலேயே அப்படித்தான் இருந்தது. மாவு அரைக்கக் கிரைண்டரைப் போட்டால் என் திரை அணையும். மூன்று வாரம் டிரைவரை, அதாவது திரையை இயக்கும் மென்பொருளை, நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் எலக்ட்ரீஷியன் பிளக் பாயிண்ட்டைக் கழற்றிக் காட்டியபோது எர்த் ஒயர் முனை சீவாமலேயே உள்ளே சுருண்டு கிடந்தது. இதை நீங்களே திறந்து பார்க்க வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் ஒரு மணி நேரம் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் அமைதியாகப் போனால் எர்த் மேல் சந்தேகம் வலுக்கிறது. லேப்டாப், மானிட்டர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுவதும் நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். திரை திரும்பி வந்தபோது நீங்கள் திறந்து வைத்திருந்த எக்செல் அதே இடத்தில் இருக்கிறதா, அல்லது லேப்டாப் திரைக்குத் தாவிவிட்டு வருகிறதா? அதே இடத்தில் இருந்தால் இதுவரை சொன்ன கதைதான். தாவினால், பல சமயம் யுஎஸ்பியைப் பிடுங்கினால் வரும் ஒலியும் கூடவே கேட்டால், லேப்டாப் 'மானிட்டரையே கழற்றிவிட்டார்கள்' என்று நினைத்திருக்கிறது. மானிட்டர் இருக்கிறது என்று சொல்வதற்கென்றே எச்டிஎம்ஐயில் தனியாக ஒரு முனை உண்டு, அந்தத் தொடர்பு ஒரு கணம் விட்டுப்போகிறது. பிளக் துளையில் ஆடுகிறதா, கேபிளின் கனம் தொங்கிக்கொண்டு முனையைக் கீழே இழுக்கிறதா என்று பாருங்கள்.

மானிட்டரிலேயே கோளாறு இருக்க வாய்ப்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அதன் அடையாளங்கள் வேறு. திரை கறுத்தபின் தானாகத் திரும்பாமல் அப்படியே கிடக்கும், பவர் விளக்கு மட்டும் எரியும். அப்போது அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் படம் இருக்கிறது, பின்விளக்குதான் அணைந்துவிட்டது. பவர் விளக்கே அணைந்து எரிந்தால் மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது, தனி அடாப்டர் உள்ள மானிட்டர் என்றால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். கறுத்திருக்கும் நேரத்தில் மானிட்டரின் பட்டனை அழுத்தி அதன் மெனு தெரிந்தால் திரையும் பின்விளக்கும் நலம், குறை சிக்னலில்.

வீட்டில் உள்ள செட்டாப் பாக்ஸை அதனுடைய சொந்தக் கேபிளோடு மானிட்டரில் மாட்டி இரண்டு மணி நேரம் ஓட விடுவதும் நல்ல சோதனை. அப்போதும் கறுத்தால் மானிட்டர்தான். ஆனால் உங்கள் 5 மீட்டர் கேபிளை செட்டாப் பாக்ஸில் மாட்டிப் பார்த்துவிட்டு 'கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செட்டாப் பாக்ஸ்களில் பெரும்பாலானவை அனுப்புவது ஃபுல் எச்டி. கால்வாசிச் சுமையில் அந்தக் கேபிள் தேறத்தான் செய்யும்.

லேப்டாப் திரையும் கூடவே சிமிட்டினால் மட்டும் டிரைவர் பக்கம் போங்கள். விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண்ணோடு 'டிஸ்ப்ளே' பதிவு இருந்தால் டிரைவர் விழுந்து எழுந்திருக்கிறது. உங்களுக்கு லேப்டாப் திரை நன்றாக இருப்பதால் அதற்குள் போக வேண்டியதில்லை. ஓடிடி படம் தொடங்கும்போதோ எச்டிஆர் என்ற கூடுதல் ஒளிர்வு முறை மாறும்போதோ ஒரே ஒரு முறை கறுத்துத் திரும்புவது இயல்பு, அதைக் காகிதத்தில் எழுத வேண்டாம்.

சரி, எந்தக் கேபிள் வாங்குவது? கடையில் '2.0 கேபிள்', '2.1 கேபிள்' என்று சொல்லி விற்பார்கள். அந்த எண்கள் துளைகளுக்கும் கருவிகளுக்கும் உரியவை. கேபிளுக்குத் தனிப் பெயர்கள் இருக்கின்றன. 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்றால் 18 கிகாபிட்டுக்குச் சோதித்தது, உங்களுக்கு இது போதும். 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்றால் 48 கிகாபிட் வரை. இரண்டுக்கும் பெட்டியின் மேல் போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும்படி ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். வெறுமனே 'ஹை ஸ்பீட்' என்று மட்டும் இருந்தால் 4கே 60-க்கு நம்பி வாங்காதீர்கள். தங்க முலாம், தடித்த நூல் உறை எல்லாம் பார்வைக்கு அழகு, அவ்வளவுதான்.

முடிந்தால் மேசையைக் கொஞ்சம் நகர்த்தியாவது 2 மீட்டர் கேபிளுக்கு வந்துவிடுங்கள். 5 மீட்டர் கட்டாயம் என்றால் ஒளியிழை கேபிள் இருக்கிறது, விலை கூடுதல். அதற்கு இந்த முனை லேப்டாப்புக்கு, அந்த முனை திரைக்கு என்று திசை உண்டு, மாற்றி மாட்டினால் படமே வராது. இரண்டு கேபிளை நடுவில் ஜாயின்டர் போட்டு நீட்டுவது மட்டும் கூடவே கூடாது.

நல்ல குட்டைக் கேபிள் போட்டும், எர்த் சரி செய்தும் திரை கறுத்தால் அப்போது மானிட்டரைக் கொடுங்கள், ஆனால் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில். எட்டு மாதம்தான் ஆகிறது, உத்தரவாதம் கண்டிப்பாக இருக்கும், பல நிறுவனங்கள் மானிட்டருக்கு 3 வருடம் தருகின்றன. வெளியே ஒரு முறை திறந்துவிட்டால் அந்த உரிமை போய்விடலாம். அங்கே கொண்டுபோய் வைத்தால் விட்டுவிட்டு வரும் கோளாறு அன்றைக்கென்று வராது, 'நன்றாகத்தானே ஓடுகிறது' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் திரை கறுப்பதைப் போனில் இரண்டு மூன்று முறை வீடியோ எடுத்து வையுங்கள், மானிட்டர், பவர் விளக்கு, பக்கத்தில் லேப்டாப் திரை மூன்றும் ஒரே காட்சியில் தெரியும்படி. மணி குறித்த காகிதத்தையும் பில்லையும் கூடவே கொண்டுபோங்கள்.