கபடிக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்டவை

பன்னிரண்டு வருடம் மண் களத்தில் ஆடி, வலது முட்டி ஜவ்வு கிழிந்து உட்கார்ந்தவன் நான். இப்போது ஊர்ப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். காயம் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

கே: அண்ணே, சேர்ந்து மூணு வாரம் ஆச்சு, இன்னும் விழுறதுக்கே பழக்குறாங்க. பிடி எப்போ சொல்லித் தருவாங்க?

ப: தம்பி, அந்தப் பயிற்சியாளரை விட்டுவிடாதே. கணுக்காலைப் பிடித்து இழுத்தால் புதுப்பையன் உடனே கையை ஊன்றுவான், மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும், இல்லையென்றால் காறை எலும்பு போகும். தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்துத் தோள்பட்டையில் உருளப் பழகு. பிடி கற்கும்போது இன்னொன்று: தொடையைப் பிடிக்கப் போகையில் உன் தலை பக்கவாட்டில் இருக்கட்டும், எதிரணியிலிருந்து பாடி வரும் ரைடரின் முட்டிக்கு நேரே வேண்டவே வேண்டாம். தலையில் அடிபட்டுக் கிறுகிறுத்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, கோப்பை போனாலும் சரி.

கே: யாரும் தொடவே இல்லை. பாடிவிட்டுத் திரும்பும்போது முட்டியில் டப்பென்று சத்தம், ஒரு மணி நேரத்தில் வீங்கிவிட்டது. இப்போது வீக்கம் வடிந்துவிட்டது, ஆடலாமா?

ப: ஆடாதீர்கள். இவ்வளவு சீக்கிரம் வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கும், முன்புற ஜவ்வு கிழிந்திருக்க நிறைய வாய்ப்பு. எலும்பு மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுங்கள். நான் வீக்கம் வடிந்ததும் இறங்கித்தான் உள்ளிருக்கும் குருத்தெலும்பையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டேன். அறுவை சிகிச்சை செய்தால் களத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம். இந்த ஜவ்வு பெரும்பாலும் அடிபட்டுக் கிழிவதில்லை, ஓடிவந்து சட்டென்று நின்று திரும்பும்போது முட்டி உள்பக்கம் சாய்வதால்தான் கிழிகிறது, அதனால் நிற்கப் பழகுவதுதான் தற்காப்பு. கால்பந்துக்காரர்களுக்கு ஃபிஃபா 11+ என்று 20 நிமிட வார்ம்-அப் ஒன்று இருக்கிறது: மெதுவான ஓட்டம், ஒற்றைக்காலில் சமநிலை, குதித்து முட்டியை மடக்கி இறங்குவது, தொடையின் பின்தசைக்கு வேலை. வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. என் பையன்களுக்கு அதைத்தான் கொடுக்கிறேன், அலுப்பு என்று திட்டுகிறார்கள்.

கே: சார், என் மகனுக்கு 13 வயது. முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்கிறான்.

ப: வளரும் வயதில் தொடைத் தசை அந்த இடத்து எலும்பை இழுப்பதால் வருவது அம்மா, பெரும்பாலும் வளர்ச்சி நின்றதும் அடங்கும். ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், குதிக்கிற பயிற்சியைக் கொஞ்ச நாள் குறையுங்கள்.

கே: 60 கிலோ போட்டி, நான் 63. இரண்டு நாளில் இறக்க வழி?

ப: 65 கிலோவில் ஆடு. தண்ணீர் குடிக்காமல் எடை குறைத்துக் களத்தில் இறங்கினால் தசைப்பிடிப்பில் தொடங்கி மயக்கத்தில் முடியும்.

கே: கணுக்கால் பிசகினால் எண்ணெய் போட்டு நீவலாமா?

ப: முதல் இரண்டு மூன்று நாள் வேண்டாம், வீக்கம் கூடும். துணி சுற்றிய ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது. நாலடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. அப்புறம், நகத்தை வெட்டிவிட்டு வாருங்கப்பா. அது விதியிலேயே இருக்கிறது, ஆனாலும் வாரம் ஒருவன் கன்னத்தில் கீறலோடு வீட்டுக்குப் போகிறான்.