அம்மாவுக்கும் இதே வலி, எனக்கும் இதே வலி: மரபணு பரிசோதனை எடுக்கலாமா?

கேள்வி: வயது 38. சில வருடங்களாகக் கழுத்து, தோள், முழங்கால் என்று வலி மாறி மாறி வருகிறது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது. எச்சில் மாதிரியை வைத்து ‘வலி மரபணு’ பார்த்துச் சொல்கிறார்களாமே, பார்க்கலாமா? பரம்பரை என்றால் குணமே ஆகாதா?

பதில்: அந்தப் பரிசோதனை வேண்டாம், அந்தக் காசை பிசியோதெரபிக்குச் செலவழியுங்கள். ஆனால் உங்கள் சந்தேகம் சரிதான். நாள்பட்ட வலிக்குப் பரம்பரைப் பங்கு உண்டு. உடல் முழுக்க நாள்பட்ட வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவரின் ரத்த சொந்தங்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். என்ன சிக்கல் என்றால், அந்தப் பங்கு ஒரே மரபணுவில் இல்லை, எத்தனையோ சின்னச் சின்ன மாறுபாடுகளில் சிதறிக் கிடக்கிறது.

இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி வரும் பெயர் சிஓஎம்டி. அட்ரினலின், டோபமின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு இது. அந்த நொதியின் 158-வது இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் இருந்தால் வேகமாக வேலை செய்யும், மெத்தியோனின் இருந்தால் மந்தம். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களின் தாடைத் தசைக்குள் அடர்ந்த உப்புநீரைச் செலுத்தி வலி வரவைத்தார்கள் (தாமாக முன்வந்தவர்கள்தான், பாவம்). அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்த இரு மரபணுப் பிரதிகளும் மந்த வகையாக இருந்தவர்களுக்கு வலி கூடுதலாகத் தெரிந்தது, மூளை தானே சுரக்கும் வலிநிவாரணிகளும் அவர்களிடம் குறைவாகவே வேலை செய்தன. கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதோடு ஒத்துப்போகவில்லை, தவிர மந்த வகையை வைத்துக்கொண்டு எந்த வலியும் இல்லாமல் நடமாடுபவர்கள் ஏராளம். உங்களுக்கு அது இருப்பதாக ரிப்போர்ட் வந்தாலும் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை.

சில இடங்களில் மரபணு விவரம் நிஜமாகவே உதவும். காலையில் எழுந்ததும் இடுப்போ முதுகோ அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமாக இருக்கிறதா, பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறதா, படுத்து ஓய்வெடுத்தால் அதிகமாகி நடமாடினால் குறைகிறதா? 45 வயதுக்கு முன் இப்படித் தொடங்கியிருந்தால் முடக்கு முதுகுவாதமாக (முதுகெலும்பு மூட்டுகள் அழற்சியால் இறுகும் நோய்) இருக்கலாம், வாதநோய் நிபுணரைப் பார்த்து இந்த நோயோடு தொடர்புள்ள எச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகைக்கான பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அது பாசிட்டிவ் என்றவுடன் நோய் என்று பயப்பட வேண்டாம், அந்த வகை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

அப்புறம் மாத்திரை. கோடீன் என்ற வலிநிவாரணி உடலுக்குள் மார்ஃபினாக மாறினால்தான் வலி குறையும், அதை மாற்றும் நொதி சிஒய்பி2டி6. சிலருக்கு அது வேலையே செய்யாது, எவ்வளவு விழுங்கினாலும் பலன் இருக்காது. சிலருக்கு மிக வேகமாக வேலை செய்து மூச்சே திணறும் ஆபத்து வரும். ட்ரமடால் என்ற வலிநிவாரணிக்கும் ஏறக்குறைய இதே கதை. இவற்றில் ஏதாவது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் நீங்களாக டோஸை ஏற்றாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கொழுப்புக்கு ஸ்டாட்டின் எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், சிலரது மரபணு வாகுக்கு அதனாலேயே தசைவலி வரும்.

குணமாகுமா என்று கேட்டீர்கள். பரம்பரை உங்களுக்கு வலி தெரியத் தொடங்கும் வரம்பைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருக்கலாம், அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் செய்யும் உடற்பயிற்சியும் ஒழுங்கான தூக்கமும் மரபணு எதுவானாலும் பலன் தரும். மருத்துவரிடம் போகும்போது, அம்மாவுக்கு என்ன நோய் என்று சொல்லியிருந்தார்கள், வீட்டில் யாருக்காவது சொரியாசிஸோ அடிக்கடி கண் சிவந்து வலிப்பதோ உண்டா என்பதை விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள், எச்சில் பரிசோதனையைவிட அந்தத் தாள் அவருக்கு அதிகம் பயன்படும்.