குட்டியின் வயிறும் நாம் மாற்றும் தட்டும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், குட்டி நாய்க்கு வயிறு சரியில்லை. சிலர் மலத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், எனக்கு அதைவிடப் பயனுள்ள படம் வேறு இல்லை. டாக்டரிடம் நேரில் போகும்போதும் தயங்காமல் காட்டுங்கள்.

கேள்வி: டாக்டர், எங்கள் லாப்ரடார் குட்டிக்குப் பத்து வாரம் ஆகிறது, வீட்டுக்கு வந்து மூன்று வாரம். கொடுத்தவர் செரெலாக்கும் பாலும் கொடுக்கச் சொன்னார். மலம் இளகிப்போனதால் ஒரு பிராண்ட் உலர் தீவனம் வாங்கினோம். இரண்டு நாளில் சரியாகவில்லை என்று சிக்கன் சாதம், அதற்கப்புறம் வேறொரு பிராண்ட், இப்போது தயிர் சாதம். காலையில் கெட்டியாகப் போகிறது, மாலையானால் கூழ் மாதிரி. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. ஆனால் நன்றாக ஓடி விளையாடுகிறது, எப்போதும் பசி. என்ன சாப்பாடுதான் கொடுப்பது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஓடி விளையாடுகிறது, பசிக்கிறது, வாந்தி என்றும் நீங்கள் எழுதவில்லை, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் மூன்று வாரத்தில் ஐந்து விதமான சாப்பாடு பார்த்திருக்கிறது அந்த வயிறு. எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள்; எதற்குமே நீங்கள் நேரம் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரிகிற பிரச்சினை.

குடலில் வாழும் பாக்டீரியாக்கள் தினமும் எது வருகிறதோ அதற்கேற்பத்தான் பெருகும், கணையமும் அதற்கேற்றபடிதான் செரிமான நீரைச் சுரக்கும். திடீரென்று வேறு உணவு வந்தால் ஒரு பகுதி செரிக்காமலே பெருங்குடலுக்குப் போய்விடும். பெருங்குடலின் வேலை மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்வது. செரிக்காதது அங்கே சேர்ந்தால் அது நொதித்து, தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது, மலம் இளகுகிறது. நீங்கள் அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் மாற்றுகிறீர்கள். அதனால்தான் உணவு மாற்றத்துக்கு ஏழிலிருந்து பத்து நாள் எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம்: முதலில் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது, இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதிப் பாதி, அப்புறம் முக்கால் பங்கு புதியது.

பாலை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தாய் நாயின் பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சுமார் 3 சதவீதம்தான், பசும்பாலில் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதோடு, பால்குடி மறக்க மறக்க லாக்டோஸைச் செரிக்கும் நொதியும் குட்டிக்குக் குறைந்துகொண்டே வரும். செரெலாக்கிலும் பால் பவுடர் இருக்கிறது, அது மனிதக் குழந்தைக்காகச் செய்தது. எத்தனை பேர் சொன்னாலும் நாய்க்குட்டிக்கு அது வேண்டாம்.

சரி, காலையில் கெட்டி, மாலையில் கூழ் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். இந்த மாதிரி பெரும்பாலும் அதிகச் சாப்பாட்டைத்தான் காட்டும். இரவெல்லாம் வயிறு ஓய்ந்திருக்கும்போது மலம் சரியாகிறது, பகல் முழுக்க வேளைக்கு வேளை சேரச் சேர இளகுகிறது. லாப்ரடாருக்குப் பசி என்பது எப்போதும் இருப்பது, அதை வைத்து அளவு முடிவு செய்யாதீர்கள். தீவனப் பாக்கெட்டின் பின்னால் இருக்கும் அட்டவணை ஒரு நாள் முழுவதற்குமான அளவு, பலர் அதை ஒரு வேளைக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. சில பாக்கெட்டுகளில் போட்டிருப்பது குட்டியின் இப்போதைய எடை, சிலவற்றில் வளர்ந்த பிறகு வரப்போகும் எடை, எது என்று படித்துப் பார்த்துவிட்டு சமையலறை எடை மெஷினில் நிறுத்துக் கொடுங்கள், டம்ளர் கணக்கு வேண்டாம். அந்த அளவை நான்காகப் பிரித்து நான்கு வேளை. வீட்டில் ஆளுக்கு ஒரு பிஸ்கட் போடுகிறீர்களா என்றும் பாருங்கள், தின்பண்டம் எல்லாம் சேர்த்து நாளின் மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

குட்டிகளுக்கான உலர் தீவனம், பெரிய ஜாதிக் குட்டிகளுக்கென்று தனியாக இருந்தால் இன்னும் நல்லது, ஒன்றைத் தேர்ந்தெடுத்து மேலே சொன்னபடி மெதுவாக அதற்கு மாற்றுங்கள். மாறி முடிந்ததும் வேறு எதையும் தொடாமல் பத்து நாள் பொறுங்கள். அளவு சரியாக இருந்தும் மாலையில் இளகினால் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள், ஆனால் வாரா வாரம் எடை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே. வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு டீஸ்பூன் சேர்ப்பதில் தவறில்லை. பெரிய ஜாதிகளுக்கு உணவு பெருங்குடலில் அதிக நேரம் தங்கி நொதிப்பதால், சிறிய ஜாதிகளைவிட மலம் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும், பக்கத்து வீட்டு பொமரேனியனோடு ஒப்பிட வேண்டாம்.

அப்புறம், புதிதாகப் போன மலத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்யுங்கள். உருண்டைப்புழு தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடுகிறது, பால் வழியாகவும் வரும். இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எட்டு வாரத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை புழு மருந்து தர வேண்டியது அதனால்தான். ஜியார்டியா, காக்சிடியா என்ற ஒட்டுண்ணிகள் வழக்கமான புழு மருந்தில் போகாது, ஒரே பரிசோதனையில் தெரியாமலும் போகலாம்.

கேள்வி: மலம் எப்படி இருந்தால் "நல்ல மலம்" என்று நினைக்கலாம்?
— வாசகர், சேலம்

பதில்: கையில் கவர் போட்டு எடுக்கும்போது உருவம் கெடாமல் வர வேண்டும், தரையில் ஈரத்தடம் மட்டும் இருக்கலாம், ஒட்டிக்கொண்டு வழியக் கூடாது. கட்டி கட்டியாகக் காய்ந்த உருண்டைகளாக இருந்தால் மலச்சிக்கல் பக்கம். நிறம் பழுப்பு. கன்னங்கரேலென்று தார் போல இருந்தால் மேல்குடலிலோ இரைப்பையிலோ ரத்தம் கசிந்து செரித்திருக்கிறது என்று பொருள், சிவப்பாகத் தெரிந்தால் பெருங்குடல். அளவு கொஞ்சமாக, அடிக்கடி, முக்கி முக்கி, சளியோடு போனால் அதுவும் பெருங்குடல் சமாச்சாரம். நிறைய நிறையத் தண்ணீராகப் போய்க் குட்டி மெலிந்துகொண்டே வந்தால் சிறுகுடல். எண்ணெய்ப் பிசுக்கோடு, வெளிறிப்போய், மலை மாதிரி குவிந்தால் கணையத்தைச் சோதிக்கச் சொல்வேன்.

கேள்வி: நாங்கள் சைவம். நான்கு மாத நாட்டுக்குட்டி, கிடைத்த நாளிலிருந்து தயிர் சாதம்தான். விரும்பிச் சாப்பிடுகிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை நிறையப் போகிறது, வாயு அதிகம், வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது. முன்னங்கால் லேசாக வளைந்த மாதிரி தெரிகிறது. தயிரால் இருக்குமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் கால். இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுங்கள், அதுவரை மாடிப்படி ஏறவும் சோபாவிலிருந்து குதிக்கவும் விடாதீர்கள்.

தயிர் மேல் பழி இல்லை. பால் தயிராகும்போதே லாக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது, பல குட்டிகளுக்கு அது ஒத்துக்கொள்ளும். சாதமும் விஷமல்ல. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்குப் பிரதிகள் இருக்கின்றன என்று 2013இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது, மனிதன் பக்கத்தில் வாழ்ந்து வாழ்ந்து வந்த மாற்றம் அது. நன்றாகக் குழைந்த சாதம் நாய்க்குச் செரிக்கும்.

ஆனால் அது மட்டுமே என்றால்? வளரும் குட்டியின் உணவில், தண்ணீரைக் கழித்துப் பார்த்தால், குறைந்தது 22.5 சதவீதம் புரதம் வேண்டும் என்பது தீவனங்களுக்கான அமெரிக்க அளவுகோல். அரிசியில் 8 சதவீதம் போல்தான் இருக்கிறது, தயிரைத் தாராளமாக விட்டாலும் தேவையில் பாதியை ஒட்டித்தான் வரும். கால்சியமும் எட்டாது. தேவையான சத்து கிடைக்காததால் குட்டி இன்னும் இன்னும் சாதத்தைத் தின்கிறது, அவ்வளவு மாவுச்சத்தில் செரிக்காத மிச்சம் பெருங்குடலில் நொதிக்கிறது, வாயுவும் மலத்தின் அளவும் அதிலிருந்து வருபவை. பானை வயிற்றுக்குப் புழுவும் காரணமாக இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது, எலும்பு மெலிகிறது, சில குட்டிகளுக்குச் சும்மா குதித்ததிலேயே கால் உடைகிறது. வெறும் கறி மட்டும் போடும் வீடுகளிலும் இதே கதைதான், ஏனென்றால் கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு.

கடையில் கால்சியம் டானிக் வாங்கி நீங்களாகவே ஊற்ற வேண்டாம். சின்னக் குட்டியின் குடலுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விடத் தெரியாது, அதிகமானால் அதுவும் எலும்பைக் கெடுக்கும், பெரிய ஜாதிகளில் இன்னும் மோசம். குட்டிகளுக்கான முழுச் சத்துத் தீவனம் ஒன்றை வாங்குங்கள். கறி வாடை வீட்டுக்குள் வேண்டாம் என்றால் வாசல் திண்ணையில் ஒரு தட்டு வைத்துக் கொடுக்கலாம், உங்கள் சமையலறைக்குள் அது வரவே வேண்டாம். வளர்ந்த நாயை, சரியாகக் கணக்கிட்டுத் தயாரித்த சைவ உணவில் வைத்திருக்க முடியும். வளரும் குட்டியை வீட்டுச் சமையலில் சைவமாக வளர்ப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். இதை உங்கள் மனம் நோக வேண்டும் என்று எழுதவில்லை. அந்தக் கால்கள் வளர்வதற்கு இருப்பது இந்தச் சில மாதங்கள்தான்.

கேள்வி: கறிக்கடையில் தினமும் எலும்பு வாங்கிப் போடுகிறோம். ஐந்து மாத ராஜபாளையம் குட்டி. மலம் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக, முக்கி அழுதுகொண்டே போகிறது.
— வாசகர், மதுரை

பதில்: எலும்பின் தாதுக்கள்தான் அப்படி வெள்ளையாக வருகின்றன. எலும்பை நிறுத்துங்கள், இரண்டு மூன்று நாளில் நிறம் மாறும். சாப்பாட்டில் வெந்நீர் கலந்து ஈரமாகக் கொடுங்கள். வேகவைத்த எலும்பு, அதிலும் கோழி எலும்பு, ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதைத் தொடவே விடாதீர்கள். இரண்டு நாளாக ஒன்றுமே போகவில்லை, வாந்தியும் வருகிறது என்றால் அடைப்பாக இருக்கலாம், உடனே போக வேண்டும். எலும்புக்குப் பதிலாக ஆட்டுக் கொழுப்பைப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள், வேண்டாம், கொழுப்பு அதிகமானால் பேதி, சில நேரம் கணைய அழற்சி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சமும் கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும்.

கேள்வி: மூன்று மாதக் குட்டி, நேற்றிலிருந்து வாந்தி, இன்று ரத்தமாகப் போகிறது, எழுந்திருக்கவில்லை. ஒரு தடுப்பூசிதான் போட்டிருக்கிறோம். சாப்பாட்டில் என்ன மாற்ற வேண்டும்?
— வாசகர், திருச்சி

பதில்: இதழ் வரும்வரை காத்திருக்க முடியாத கடிதம், அதனால் கிடைத்த உடனே இவருக்குப் பதில் சொல்லிவிட்டேன். நான்கு நாள் ட்ரிப்ஸ் ஏறி குட்டி பிழைத்துக்கொண்டது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இது சாப்பாட்டுப் பிரச்சினை அல்ல, பார்வோ வைரஸ். 1978இல் உலகம் முழுக்கப் பரவிய நோய், இன்றும் நம் ஊரில் குட்டிகளை எடுத்துக்கொண்டு போகிறது. வாந்தி, கெட்ட நாற்றத்தோடு ரத்தக்கழிச்சல், சோர்வு மூன்றும் சேர்ந்தால் ஒரு இரவுகூடத் தள்ளிப்போடாதீர்கள், வாயில் எதையும் புகட்டாதீர்கள். தடுப்பூசி ஒன்றோடு முடிவதில்லை, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போட வேண்டும், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளை வேலை செய்ய விடாமல் தடுக்கலாம். வைரஸ் வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண ஃபினாயிலை நம்பாதீர்கள், ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: குட்டி தன் மலத்தையே தின்கிறது. சத்துக் குறைவா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் இல்லை. போன உடனே எடுத்துவிடுங்கள், திட்டவோ துரத்தவோ வேண்டாம், விளையாட்டு என்று நினைத்து இன்னும் வேகமாக விழுங்கும். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் குட்டிகள் போகும், அப்போது கூடவே இருந்தால் பாதி வேலை முடிந்தது. குட்டி மெலிந்துகொண்டும் இருந்தால் மட்டும் புழுவையும் செரிமானத்தையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: பேதிக்கு நாம் போடும் மாத்திரையில் கால் பாகம் கொடுக்கலாமா? ஒரு நாள் பட்டினி போட்டால் சரியாகும் என்கிறாரே என் மாமா?
— வாசகர், வேலூர்

பதில்: இரண்டும் வேண்டாம். பட்டினி வளர்ந்த நாய்க்குச் சொல்லும் யோசனை, சின்னக் குட்டிக்கு, அதிலும் சிறிய ஜாதிக்கு, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கிவிடும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பலர் கைவசம் வைத்திருக்கிறார்கள், அது நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கிறது, அவை பழைய நிலைக்கு வரப் பல வாரம் பிடிக்கும். பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை சில ஜாதி நாய்களுக்கு மூளையைப் பாதிக்கும். சுறுசுறுப்பாக இருக்கும் குட்டிக்குச் சாதாரணக் கழிச்சல் என்றால் தோலும் மசாலாவும் இல்லாத வெந்த சிக்கன் ஒரு பங்கு, குழைந்த சாதம் இரண்டு பங்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை, அதிகபட்சம் மூன்று நாள். அதற்குள் கட்டுக்கு வந்தால் பழைய தீவனத்தை மெதுவாகக் கலந்து திரும்புங்கள். அதற்குள் நிற்காவிட்டாலோ, ஈறைத் தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தாலோ, கழுத்துத் தோலை இழுத்துவிட்டால் சட்டென்று இறங்காவிட்டாலோ, மாமாவையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய்விடுங்கள், கையில் மலம் உள்ள டப்பாவோடு.