ஓய்வு பெற்ற பேராசிரியருக்கு முன்னாள் மாணவர்கள் செய்யக்கூடிய உருப்படியான மரியாதை எது?

மாலை, பொன்னாடை, கேடயம், ஹோட்டலில் இரவு விருந்து எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். வாங்குபவருக்கும் சந்தோஷம், நமக்கும் படம் பிடித்துப் போட ஒரு நாள் கிடைக்கும். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். அவர் கற்றுக்கொடுத்தது எங்கே, யாருக்கு, எப்படிப் பயன்பட்டது என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். "உங்களால்தான் நான் இந்த நிலையில் இருக்கிறேன்" என்ற கடிதம் இல்லை. அதை அவர் நூறு முறை கேட்டிருப்பார். நடந்த ஒரு சம்பவம் வேண்டும்.

நான் பினாங்கில் அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளர். படித்தது மிண்டன் வளாகத்தில், யூஎஸ்எம் என்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில். 1972-இல் நாட்டிலேயே முதன்முதலாக மருந்தியல் பட்டப்படிப்பு தொடங்கிய இடம் அது. அதற்கு முன்னால் மருந்தாளர் ஆக வேண்டும் என்றால் சிங்கப்பூருக்கோ, அதற்கும் அப்பாலோ போக வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது நடக்கிற காரியமா? எங்கள் பேராசிரியர் அந்த ஆரம்பகால மாணவர்களில் ஒருவர். இங்கேயே படித்து, வெளிநாட்டில் முனைவர் பட்டம் வாங்கி, இங்கேயே திரும்பி வந்து, இங்கேயே ஓய்வு பெற்றவர். விளம்பரம் பிடிக்காத மனிதர், அதனால் பெயர் வேண்டாம். நாங்கள் எல்லோரும் 'புரொஃப்' என்றுதான் கூப்பிடுவோம்.

உள்ளதைச் சொன்னால், விரிவுரை மேடையில் அவர் சுமார்தான். குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. பழுப்பேறிய பழைய தாள்களைப் பார்த்தே பேசுவார். ஆனால் ஒரு மருந்தை எடுத்து விளக்க ஆரம்பித்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயின் பாடம் எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. பெரும்பாலான மருந்துகளில் அளவை ஒரு மடங்கு கூட்டினால் ரத்தத்தில் இருப்பதும் ஏறக்குறைய ஒரு மடங்கு கூடும். ஃபெனிட்டோயின் அப்படி இல்லை. அதை உடைக்கும் கல்லீரல் நொதிக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்கிவிட்டால் கொஞ்சம் கூட்டினாலும் ரத்த அளவு எகிறிவிடும். "பாலத்து டோல் மாதிரிம்மா. எல்லா பூத்தும் ஓடிக்கிட்டு இருக்கிற நேரத்துல இன்னும் நூறு கார் வந்தா, வரிசை நூறு காரோட நிக்காது" என்பார். 300 மில்லிகிராமில் வலிப்பு நிற்கவில்லையே என்று சட்டென்று 400 ஆக்கினால் நோயாளி தள்ளாடுவார், கண்மணி ஆடும், நாக்கு குழறும். காப்சூல் 100 மில்லிகிராமில் மட்டும் இல்லாமல் 30 மில்லிகிராமிலும் ஏன் வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இருந்தாலும் அவர் எங்களுக்குள் விட்டுப்போனது இந்த எண்களை இல்லை. எண்ணைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம், பழைய எண்கள் மாறவும் மாறும். அவர் பதிய வைத்தது ஒரு பழக்கம்: சீட்டில் இருக்கும் மருந்தை நம்பாதே, வாய்க்குள் போகும் மருந்தைக் கண்டுபிடி.

இதற்கென்றே செய்முறைத் தேர்வில் அவரே நோயாளியாக வந்து உட்காருவார். கைலி கட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, காது கொஞ்சம் மந்தமான பெரியவராக. பார்த்ததும் சிரிப்பு வரும், சிரித்தால் மதிப்பெண் போகும். கையில் ஆஸ்துமா இன்ஹேலர் இருக்கும். மாணவர் குனிந்து, "ஐயா, மருந்த ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார். "எடுக்கிறேனே தம்பி." முடிந்தது, பாதி மதிப்பெண் அங்கேயே காலி. "எப்படி எடுக்கிறீங்கன்னு கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டவருக்குத்தான் மீதி நாடகம். குலுக்காமல், மூச்சை வெளியே விடாமல், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு முறை அழுத்துவார். மருந்து பாதி நாக்கில், பாதி காற்றில். குலுக்கு, மூச்சை விடு, வாயில் வை, அழுத்தும்போதே மெதுவாக உள்ளே இழு, பத்து விநாடி பிடி என்று சொல்லிக்கொடுத்து, பிறகு அவரையே மறுபடி செய்து காட்டச் சொன்னால்தான் முழு மதிப்பெண்.

கண்டிப்பு அதிகம். இரண்டு மூன்று பேர் அழுதுகொண்டே வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு தேவையில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் என் எண்ணம் அதுதான். பயிற்சி மருந்தாளர்களை நான் அப்படி நடத்துவதில்லை.

சக ஆசிரியர்கள் அவரைப் பற்றிச் சொல்வது வேறு. வினாத்தாள் எழுதி முடித்ததும் புதிதாகச் சேர்ந்த இளம் விரிவுரையாளர்களிடம் கொடுத்து, "உக்காந்து எழுதிப் பாருங்க. நீங்களே தடுமாறினா கேள்விதான் தப்பு" என்பாராம். மூத்த பேராசிரியரின் கேள்வியில் குறை கண்டுபிடிக்கும் துணிச்சல் எங்களுக்கு அங்கிருந்துதான் வந்தது என்று இப்போது அதே துறையில் இருக்கும் ஓர் அம்மா சொன்னார். ஆய்வுக்கூட உதவியாளர்களோடுதான் சுங்கை டூவா பக்கம் மாமாக் கடையில் தே தாரிக் குடிப்பார். கட்டுரை வெளியானால் நன்றி சொல்லும் பகுதியில் அவர்கள் பெயர் கட்டாயம் இருக்கும். பல்கலைக்கழகங்களில் இது சாதாரண விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, என் பக்கத்தில் நான் எழுதியது இதுதான்.

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா, எழுபதைத் தாண்டியவர், யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கவுட் வலிக்கு எழுதிய புதுச் சீட்டோடு கவுண்டருக்கு வந்தார். கால் கட்டைவிரல் சிவந்து வீங்கியிருந்தது. சீட்டில் தப்பு எதுவும் இல்லை. மருந்தை எடுத்துக் கொடுத்து, பெயரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கலாம், பின்னால் வரிசையும் நீளம். பயிற்சிக்கு வந்திருந்த பையன், "அம்மா, வீட்டுல சாப்பிடுற மருந்தெல்லாம் கொண்டு வந்திருக்கீங்களா? காட்டுங்க" என்றான். அவர் ஒரு பேரங்காடிப் பையை அப்படியே மேசையில் கவிழ்த்தார்.

அரசு கிளினிக்கில் கொடுத்த ரத்தக் கொதிப்பு மாத்திரை, அம்லோடிபின் 10 மில்லிகிராம். கூடவே ஒரு தனியார் கிளினிக்கில் கொடுத்த வேறு பெயர், வேறு நிற மாத்திரை. திருப்பிப் பார்த்தால் அதுவும் அம்லோடிபின், 5 மில்லிகிராம். நாளுக்கு உச்ச அளவே 10, இவர் சாப்பிட்டது 15. நம் நாட்டில் தனியார் கிளினிக் மருத்துவரே மருந்தும் கொடுக்கலாம். அங்கே கொடுத்தது இங்கே கணினியில் தெரியாது. அதனால் இப்படி இரட்டிப்பாவது அபூர்வம் இல்லை. அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்கும், இவருக்கும் வீங்கியிருக்கிறது. வீக்கத்துக்கு நீர் இறங்கட்டும் என்று ஃபுரோசமைடு கொடுத்திருக்கிறார்கள். அந்த வீக்கம் ரத்தக் குழாய் விரிவதால் வருவது. உடம்பில் நீர் சேர்ந்து வருவது இல்லை என்பதால் ஃபுரோசமைடுக்குப் பெரிதாக அடங்காது. ஆனால் ஃபுரோசமைடு யூரிக் அமிலத்தை ஏற்றும். ஏற்றியது, கவுட் வந்தது. இப்போது கவுட்டுக்கு மருந்து. ஒரு மாத்திரையின் பக்க விளைவுக்கு அடுத்தது, அதன் விளைவுக்கு இன்னொன்று. புரொஃப் இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரைந்து காட்டியிருக்கிறார்.

பைக்கு அடியில் பெயர் தெரியாத ஒரு மூட்டுவலி ஜாமு (மூலிகை மருந்து) பாக்கெட்டும் இருந்தது. அரசிடம் பதிவான மருந்துக்கு இருக்க வேண்டிய 'மால்' எண் அதில் இல்லை. பதிவில்லாத ஜாமுவில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பது நம் நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபடும் விஷயம். இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி நன்றாக எடுக்கும். பிறகு முகம் உருண்டையாகும், சர்க்கரை ஏறும். ரொம்ப நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு நிலைகுலைந்துவிடும். நல்லவேளை, அந்த அம்மா அதை இன்னும் பிரிக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தாராம்.

மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசினோம். இரட்டிப்பாக இருந்த அம்லோடிபினை நீக்கினார், மீதியின் அளவைக் குறைத்தார், ஃபுரோசமைடை நிறுத்தினார். சில வாரங்களில் கால் வீக்கம் வடிந்து, அந்த அம்மா பழைய செருப்பையே போட்டுக்கொண்டு வந்தார்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பையன்தான். அவன் யூஎஸ்எம் மாணவன் இல்லை. வேறு கல்லூரியில் படித்தவன், புரொஃபைப் பார்த்ததுகூடக் கிடையாது. "காட்டுங்க" என்று கேட்பதை எங்கள் பகுதியில் ஒரு சீனியர் அக்காவிடம் கற்றுக்கொண்டானாம். அந்த அக்கா புரொஃபின் பழைய மாணவி.

பழைய மாணவர்கள் எழுதிய இந்தப் பக்கங்களை எல்லாம் சேர்த்து, நோயாளிகளை அடையாளம் காட்டும் எதுவும் இல்லாமல் பார்த்து, சாதாரணக் கோப்பில் போட்டு அவர் வீட்டில் கொடுத்தோம். கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும்கூட வந்திருந்தன. வாங்கியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவிதான் எங்களுக்குத் தோசை சுட்டுப் போட்டு, "இவருக்கு இப்படியெல்லாம் யாராவது எழுதுவாங்கன்னு எனக்கே தெரியாது" என்றார்.

கொஞ்ச நாளில் எல்லோருக்கும் அவரவர் பக்கம் தபாலில் திரும்பி வந்தது, பென்சிலால் திருத்தியபடி. ஜொகூர் நண்பனுக்கு ஒற்றுப்பிழை. கோலாலம்பூர்த் தோழிக்கு, "இந்த மருந்தின் அளவு சிறுநீரகத்தின் நிலைக்குப் பொருந்துமா என்று பார்த்தீர்களா?" என்று ஒரு வரி. என் பக்கத்தின் ஓரத்தில் இருந்தது: "அம்லோடிபினைக் குறைத்து, ஃபுரோசமைடையும் நிறுத்தியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு பிரஷர் எவ்வளவு? எழுதவில்லையே."

அடுத்த வருகையில் 136/82 இருந்தது. எழுதி அனுப்பிவிட்டேன்.