மைனஸ் 18-லிருந்து மைனஸ் 273 வரை

கேள்வி: மகள் கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். குவாண்டம் கணினி ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். நான் மாங்கூழ் ஆலையில் மைனஸ் 18 டிகிரி கோல்டு ஸ்டோரேஜைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே மைனஸ் 273 என்கிறார்களே, எதற்கு? தினமும் என்ன வேலை இருக்கும்?
- ஒரு தந்தை, காவேரிப்பட்டணம்

பதில்: குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு க்யூபிட்; 0, 1 என்ற நிலைகளைத் தாங்குவது அதுதான். அதில் ஒரு வகையான மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) க்யூபிட் என்பது சிப்பின் மேல் அலுமினியத்தில் செய்த சின்ன மின்சுற்று. அது சுமார் 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும். அந்த அதிர்வெண்ணின் ஆற்றலை வெப்பநிலையாகக் கணக்கிட்டால் 0.24 கெல்வின்தான் வரும். (0 கெல்வின் என்பதுதான் நீங்கள் கேட்ட மைனஸ் 273 டிகிரி.) சுற்றுப்புறம் அதைவிடச் சூடாக இருந்தால், வெப்பமே க்யூபிட்டை 0-விலிருந்து 1-க்குத் தள்ளிவிடும். அதனால்தான் 0.02 கெல்வினுக்கும் கீழே இறக்குகிறார்கள். (அயனிகளை வைத்துச் செய்யும் கணினிக்கு இவ்வளவு குளிர் வேண்டாம்.)

அங்கேயும் கம்ப்ரசர் உண்டு, ஆனால் ஓடுவது ஹீலியம். அது 4 கெல்வின் அளவுக்குக் கொண்டுவரும். அதற்குக் கீழே ஹீலியத்தின் இரண்டு வகைகளான ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவை. 0.87 கெல்வினுக்குக் கீழ் அது இரண்டு அடுக்காகப் பிரியும். மேலடுக்கின் ஹீலியம்-3 கீழடுக்கில் கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மூட்டில் மயிரிழைக் கசிவு இருந்தாலும் போச்சு: காற்று புகுந்து, உறைந்து, நுண்குழாயை அடைத்துவிடும். பிறகு மொத்தத்தையும் சூடேற்றி மறுபடி குளிரவைக்க நாள்கணக்காகும். கசிவு பார்க்கத் தெரிந்த உங்களைப் போன்றவர்களின் அருமை அங்கே நன்றாகத் தெரியும்.

அடுத்தது வயரிங். மேலிருந்து வரும் சிக்னலோடு வெப்ப இரைச்சலும் இறங்கும். அதை அடக்க மொத்தம் 60 டெசிபெல் அளவுக்கு அட்டென்யூவேட்டர்களை (சிக்னலின் வலிமையைக் குறைக்கும் சிறு பாகங்கள்), கீழே போகப் போகக் குளிர் கூடும் தட்டுகளில், தட்டுக்குத் தட்டு பிரித்து மாட்ட வேண்டும். எல்லாவற்றையும் மேலேயே மாட்டினால் அவையே இரைச்சல் கிளப்பும். அடித்தட்டிலேயே மாட்டினால் அங்கே சூடேறும். அடித்தட்டின் குளிரூட்டும் திறன் மைக்ரோவாட் கணக்கில்தான்.

பிறகு அளவீடு. க்யூபிட்டை 1-க்கு ஏற்றி, சில மைக்ரோவினாடி விட்டு, இன்னும் 1-ல் நிற்கிறதா என்று பார்ப்பது. இடைவெளியை மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான முறை. இதற்கான நிரலைப் பைத்தானில் எழுதி, வரும் வளைவை வைத்து எங்கே பழுது என்று யோசிப்பதிலேயே பாதி நாள் போகும்.

உங்கள் மகள் மூன்றாம் ஆண்டில் ஜாம் (JAM) என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதட்டும், பிப்ரவரியில் நடக்கும். ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் அதுவே வாசல். 2023-ல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்தில் கணினிப் பிரிவின் மையமும் அந்தக் கழகம்தான். இப்போதிருந்தே நேரியல் இயற்கணிதத்தை (அணிகள், வெக்டர்கள் பற்றிய கணிதம்) கையால் போட்டுப் பழக வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் மிகவும் கஷ்டம்.

கேள்வி: வீட்டு லேப்டாப்பில் குவாண்டம் நிரல் பழக முடியுமா?
- ஒரு மாணவர், பாலக்கோடு

பதில்: தாராளமாக. குவாண்டம் நிரல் எழுத உதவும் கிஸ்கிட் என்ற பைத்தான் மென்பொருள் இலவசம். 8 ஜி.பி. நினைவகத்தில் 28 க்யூபிட் வரை போகலாம். அதன் நிலையைச் சேமிக்கவே 4 ஜி.பி. வேண்டும். ஒவ்வொரு க்யூபிட் கூடும்போதும் அது இரட்டிப்பாகும், 30-க்கு 16 ஜி.பி. பழக ஐந்து க்யூபிட்டே போதும்.