தினமும் ஒரே ஒரு பொருள்

கேள்வி: எங்கள் தெருமுனையில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டை அடுத்த மாதம் மூடுகிறார்கள். இனி மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். குடியிருப்போர் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம், என்ன எழுதலாம்? எங்கள் வீட்டுக்குப் பெரிய சிரமமில்லை. நான்கு வருடமாக மாதச் சாமான் முழுவதும் ஃபோனில்தான் ஆர்டர் செய்கிறோம். 76 வயது அம்மாதான் தினமும் நடந்துபோய் ஒரே ஒரு பொருளை வாங்கி வருவார். அவருடைய ஃபோனிலும் ஆப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: மனு இருக்கட்டும் தம்பி, அப்புறம் வருகிறேன். 'தினமும் ஒரே ஒரு பொருள்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது ஏன் என்று அம்மாவிடம் ஒரு நாளாவது கேட்டீர்களா?

ஏழு நாளுக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்க அவருக்குத் தெரியாதா? உங்களை வளர்த்தபோது அப்படித்தானே வாங்கியிருப்பார். இன்றைக்கே எல்லாவற்றையும் வாங்கிவிட்டால் நாளைக்கு வெளியே போகக் காரணம் இருக்காது. அதனால் ஒன்றை மிச்சம் வைக்கிறார். போகிற வழியில் நாலு பேர், பில் போடும் பெண்ணிடம் இரண்டு வார்த்தை, திரும்பும்போது மருந்துக்கடை வாசலில் கொஞ்சம் நிற்பது. பையில் இருக்கும் அந்த ஒரு பொருள் வீட்டுக்குக் காட்டும் கணக்கு, அவ்வளவுதான். அந்த நடையும் சும்மா இல்லை. இந்த வயதில் தினசரி நடை நின்றால் காலில் வலு சீக்கிரம் போய்விடும். நீங்கள் ஆப் போட்டுக் கொடுத்தது, இனி வெளியே போக வேண்டாம் என்று சொன்ன மாதிரி. முகத்தைத் தூக்கி வைக்காமல் என்ன செய்வார்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மளிகை வியாபாரத்தில் நூறுக்கு விற்றால் கடைசியில் கையில் நிற்பது பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான். பத்து வீட்டில் ஒரு வீடு வராமல் போனாலே ஆட்டம் காணும். நான்கு வருடமாக அந்தப் படி ஏறாத நீங்கள் இப்போது மனு எழுதுகிறீர்கள்! கடை மூடுவதற்கு வாடகை, தலைமை அலுவலகத்தின் கணக்கு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் உங்கள் பங்கு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பெரிய கடைக்கு வரும் கூட்டத்தை நம்பித்தான் பக்கத்துச் சின்னக் கடைகள் பிழைக்கின்றன. இது போனால் மருந்துக்கடையும் தையல்கடையும் தள்ளாடும். இரவில் அந்த முனையில் வெளிச்சம் குறையும், தனியாக நடக்கத் தயங்குவார்கள். வண்டி வைத்திருப்பவர்களுக்கு மூன்று கிலோமீட்டர் ஒன்றுமில்லை. இல்லாதவர்கள், கையில் கிடைக்கும் கெட்டுப்போகாத பாக்கெட்டுகளை வைத்து வாரத்தை ஓட்டுவார்கள். ஜப்பானில் இப்படித் தவிக்கும் முதியவர்களைக் 'கடை அகதிகள்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தே அழைக்கிறார்கள். அங்கே நடமாடும் கடை வண்டிகள் தெருவுக்கே வருகின்றன. வண்டியைச் சுற்றி நின்று, பேசி, எடுத்துப் பார்த்து வாங்குகிறார்கள்.

சரி, மனுவுக்கு வருவோம். 'மூடாதே' என்பது பெரும்பாலும் எடுபடாது. காலியாகும் இடத்தில் இன்னொரு மளிகைக் கடை வரத் தடை ஏதும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கட்டட உரிமையாளரிடம் கேளுங்கள். போகிறவர்கள் போட்டிக்குப் பயந்து அப்படி எழுதிவைப்பதுண்டு. பிரிட்டனில் பெரிய சங்கிலிக் கடைகள் அப்படிச் செய்யாமலிருக்க 2010-இல் உத்தரவே போட வேண்டியிருந்தது. அடுத்த கடை வரும்வரை நடமாடும் வண்டி, அந்த மூன்று கிலோமீட்டருக்கு ஒரு பஸ், நிறுத்தத்தில் உட்கார இடம். இவற்றைக் கேளுங்கள், கிடைக்க வாய்ப்புண்டு.

உங்கள் வீட்டுக்கு மனு தேவையில்லை. மாத ஆர்டரை நிறுத்துங்கள். வாரத்தில் இரண்டு நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீங்களே அந்தத் தூரத்துக் கடைக்குப் போங்கள். நேரமில்லை என்று எனக்கு எழுதாதீர்கள். பெற்றவளுக்கு வேண்டிய சாமானை வாசலில் இறக்கிவிட்டால் பிள்ளையின் கடமை முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. பட்டியலையும் அவரே எழுதட்டும், ஒரே ஒரு பொருள் என்றாலும் சரி.

அப்புறம், கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள், யாரால் படி இறங்க முடியாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.